டீச்சரிடம் கேளுங்கள்: பத்தாம் நம்பர் சட்டை யாருக்கு?

போன இதழில், நம் டர்பன் ரக்பி அணியான ஷார்க்ஸின் பயிற்சியாளர் ஜான் ப்ளம்ட்ரீ விலகியதைப் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரி பதில் எழுதினேன். "பயிற்சியாளர் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை; வியாதி வேறு இடத்தில் இருக்கிறது" என்று. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பிள்ளைகளின் கணக்குப் பாடத்துக்கு வழி கேட்டவர்களும், மருமகளோடு சண்டை என்று எழுதியவர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதம் ரக்பி மட்டும்தான். என்னைத் திட்டியவர்களுக்கு முதலிடம்.

பயிற்சியாளர் மேல் தப்பில்லை என்றால் பின்னே யார் மேல் தப்பு? பந்தைக் கையில் பிடித்து ஒரு நாளாவது ஓடியிருக்கிறீர்களா டீச்சர்?
- மு.கோ., சாட்ஸ்வொர்த்

ஓடியதில்லை தம்பி. கணக்கு டீச்சருக்கு எண்ணத்தான் தெரியும். சேர்ந்தே எண்ணுவோம், வாருங்கள்.

ஜான் ப்ளம்ட்ரீ 2023இல் இரண்டாம் முறையாக டர்பனுக்கு வந்தார். அந்த முதல் சீசனில் யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப் பட்டியலில் 16 அணிகளுக்கு நடுவே நமக்கு 14ஆம் இடம். அதே சீசன் முடிவில், 2024 மே மாதம், லண்டன் டாட்டன்ஹாம் மைதானத்தில் க்ளூஸ்டர் அணியை 36-22 என்று அடித்து சாலஞ்ச் கோப்பையைத் தூக்கினார்கள். ஐரோப்பியக் கோப்பை ஒன்றைத் தென்னாப்பிரிக்க அணி வென்றது அதுதான் முதல் தடவை. அடுத்த சீசனில் பட்டியலில் 3ஆம் இடம், அரையிறுதி வரை போனார்கள். அதற்கடுத்த சீசன் தொடக்கத்திலேயே சறுக்கல். 2025 கடைசியில் அவர் விலகி ஜே.பி. பீட்டர்சன் வந்தார்.

ஒரே மனிதர்தான். 14, ஒரு கோப்பை, 3, அப்புறம் பள்ளம். ஒரு மாணவன் பரீட்சைக்குப் பரீட்சை இப்படி மார்க் வாங்கினால் வாத்தியாரை மாற்றச் சொல்ல மாட்டேன். அவன் எந்தெந்த நாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைப் பார்ப்பேன்.

ஷார்க்ஸின் 2025 வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ப்ராப் இடத்தில் ஆக்ஸ் ந்சே, வின்சென்ட் கோக். ஹூக்கர் போங்கி ம்போனாம்பி. லாக் ஏபன் எட்சபெத். ஃப்ளாங்கர் சியா கொலீசி. ஒன்பதாம் நம்பரான ஸ்க்ரம்-ஹாஃப் இரண்டு பேர், ஜேடன் ஹென்ட்ரிக்ஸே, க்ராண்ட் வில்லியம்ஸ். செண்டரில் லுக்கான்யோ ஆம், ஆந்த்ரே எஸ்டர்ஹைசன். விங்கில் மக்காஸோலே மப்பிம்பி. ஃபுல்-பேக் அப்பெலேலே ஃபாசி. எல்லாரும் நாட்டு அணியான ஸ்பிரிங்பாக்ஸின் பச்சைச் சட்டை போட்டவர்கள். பெயர்ப்பலகையில் எழுதிப் பார்த்தால் உலகக் கோப்பை அணி மாதிரி இருக்கிறது.

இவர்களைச் சேர்த்தாற்போல் எத்தனை ஆட்டத்தில் பார்த்தீர்கள்? நம் அணிகள் 2021இல் வடக்கே இந்த ஐரோப்பியப் போட்டிகளில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கிளப் ஆட்டம் செப்டம்பர் கடைசியிலிருந்து ஜூன் வரை. ஸ்பிரிங்பாக்ஸ் ஆட்டமோ ஜூலையிலிருந்து நவம்பர் வரை. இரண்டையும் ஒட்டிப் பாருங்கள்: வருஷம் முழுக்க ஓடிவிட்டது, ஓய்வுக்கு ஒரு மாதம்கூட மிச்சமில்லை. நாட்டுக்கு ஆடுகிறவனுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். அந்த ஓய்வை எங்கிருந்து வெட்டுவார்கள்? கிளப்பிலிருந்துதான். சீசன் தொடங்கும்போது அவர்கள் இல்லை. டிசம்பரில் திரும்பும்போது உடம்பு நொந்து வருகிறார்கள். சிலர் வரவே முடிவதில்லை: எட்சபெத் 2025 நவம்பர் கடைசியில் கார்டிஃபில், வேல்ஸை 73-0 என்று துவைத்த ஆட்டத்தில், எதிராளியின் கண்ணில் கை வைத்ததற்குச் சிவப்பு அட்டை வாங்கி நீண்ட தடையோடு வந்தார். நாட்டுக்கு ஆடி வாங்கிய தடை, நஷ்டம் டர்பனுக்கு.

ஜோபர்க்கில் வேலை பார்க்கும் மகன்களை நம்பி டோங்காட்டில் கடை திறந்த மாதிரிதான் இது. தீபாவளிக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மற்ற நாளெல்லாம் ஷட்டரைத் தூக்குவது யார்?

ப்ளம்ட்ரீ மேல் தப்பே இல்லை என்று நான் சொன்னதில்லை. பந்து கையில் இல்லாதபோது அணி தூங்கியது, அது பயிற்சிக் குறைதான். ஆனால் ஒப்பந்தம் போட்டவர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு ஒரு கடிதம்கூட எனக்கு வரவில்லை.

பயிற்சியாளரை இப்படி அடிக்கடி மாற்றுவது ஷார்க்ஸுக்கு வழக்கமா? எங்கள் காலத்தில் மாக் ஒருவர்தான் இருந்தார்.
- பெ.நா., டோங்காட்

ஐயா, உங்கள் காலம் நல்ல காலம். இயன் மெக்கிண்டாஷ் நேட்டாலை (ஷார்க்ஸின் பழைய பெயர்) நிமிர்த்த சில வருஷம் எடுத்துக்கொண்டார், யாரும் அவரை விரட்டவில்லை. 1990இல் லாஃப்டஸ் மைதானத்தில் நார்தர்ன் டிரான்ஸ்வாலை 18-12 வென்று, உள்நாட்டு மாகாண அணிகள் மோதும் கரி கோப்பை முதல் தடவையாக நமக்கு. பிறகு 1992, 1995, 1996. நாலு கோப்பை, ஒரே மனிதர்.

அப்புறம் பாருங்கள். ப்ளம்ட்ரீ முதல் தடவை 2008இலும் 2010இலும் கரி கோப்பை வாங்கிக் கொடுத்தார், 2012இல் சூப்பர் ரக்பி இறுதி வரை கொண்டுபோனார், 2013இல் அனுப்பிவிட்டார்கள். 2014இல் ஜேக் வைட் ஒரே சீசன். பிறகு கேரி கோல்ட், ராபர்ட் டு ப்ரீஸ், ஷான் எவரிட். எவரிட் போனது 2022 நவம்பரில், நம் சொந்த மைதானமான கிங்ஸ் பார்க்கிலேயே கார்டிஃபிடம் 35-0 தோற்றதும். அந்த ஆட்டத்தைப் பார்த்தவள் நான். அன்று எனக்கும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அடுத்து இடைக்காலமாக நீல் பவல், பிறகு ப்ளம்ட்ரீயே மறுபடி. அனுப்பியவரையே பத்து வருஷம் கழித்துக் கூப்பிட்டார்கள் என்றால் அனுப்பியதில் என்ன நியாயம் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

மகனை ஆட வைத்த பயிற்சியாளரைப் பற்றி எழுத மாட்டீர்களா? தெரிந்தவன், சொந்தக்காரன் என்றுதான் எல்லா இடத்திலும் ஆள் எடுக்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், ஃபீனிக்ஸ்

ராபர்ட் டு ப்ரீஸைச் சொல்கிறீர்கள். மூத்தவர் அப்பா பெயரே கொண்ட ராபர்ட், பத்தாம் நம்பர், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர். அடுத்து இரட்டையர் ஜான்-லூக், டான். மூன்று மகன்களும் அப்பாவின் அணியில். இரட்டையர் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை; அவர்கள் மோதினால் எதிராளி எழுந்திருக்க நேரமாகும். பஞ்சாயத்து எல்லாம் மூத்தவரைப் பற்றித்தான், ஏனென்றால் கர்வின் பாஷ் என்ற பையனை அதே இடத்தில் பார்க்க ஆசைப்பட்டவர்கள் நிறைய.

ஆனால் 2018இல் நியூலேண்ட்ஸில் வெஸ்டர்ன் ப்ராவின்ஸை 17-12 வென்று கரி கோப்பையைக் கொண்டுவந்தது அந்த அப்பாவின் அணிதான். அன்று யாரும் சொந்தம் பந்தம் பேசவில்லை. தோற்றால் மட்டும் மகன், வென்றால் வீரன் என்பது என்ன கணக்கு? என் கருத்து: மகன் இருக்கும் அணியில் அப்பா தேர்வாளராக இருக்கக் கூடாது. மகன் தகுதியில்லாதவன் என்பதால் அல்ல, அவன் நன்றாக ஆடினாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால்.

பத்தாம் நம்பருக்கு சியா மசுகுவா, ஜோர்டன் ஹென்ட்ரிக்ஸேவா? எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை. ஒரே பதிலாகச் சொல்லுங்கள் ஆண்டி.
- ச.ர., வெருலம்

ஒரே பதில்: மசுகு. ஆனால் உன் அண்ணனும் முட்டாள் இல்லை.

மசுகு என்ன செய்தார் என்பதற்கு அந்த க்ளூஸ்டர் இறுதி போதும். 36 புள்ளியில் 21 அவர் காலிலிருந்து வந்தது. மூன்று புள்ளி பெனால்டி ஐந்து, ட்ரை போட்டதும் (கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்ததும்) உதைக்கும் இரண்டு புள்ளி கன்வெர்ஷன் மூன்று, கூட்டிப் பார். ஜோர்டனோ அதே 2024 செப்டம்பரில் எல்லிஸ் பார்க்கில் கரி கோப்பை இறுதியில், மணி அடித்த பிறகு, 60 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரத்திலிருந்து பெனால்டியை உதைத்து லயன்ஸை 16-14 என்று முடித்தார். அந்தப் பந்து கம்பத்துக்கு நடுவே போகும்வரை மூச்சே வரவில்லை எனக்கு. நல்ல காற்று, ஜோபர்க் உயரம், எல்லாம் உதவின என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் பிரிட்டோரியாக்காரர், புல்ஸ் ரசிகர். அவர் சாட்சி செல்லாது.

இப்போது நான் ஏன் மசுகு என்கிறேன். பத்தாம் நம்பரைத் தனியாக எடைபோடுவதே தப்பு. அவன் கைக்குப் பந்து ஒன்பதாம் நம்பரிடமிருந்து வருகிறது. எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எந்தக் குரலுக்கு வரும் என்பது மாதக்கணக்கில் சேர்ந்து ஆடினால்தான் உடம்பில் ஏறும். ஜோர்டனை எடுக்கச் சொல்பவர்கள் "அண்ணன் ஜேடன் ஒன்பது, தம்பி பத்து, சின்ன வயதிலிருந்தே பழக்கம்" என்கிறார்கள். அழகான வாதம். ஆனால் ஜேடன் பச்சைச் சட்டைக்காரர், சீசன் தொடங்கும்போது இல்லை. அவருக்கு மாற்று க்ராண்ட் வில்லியம்ஸ், அவரும் பச்சைச் சட்டைக்காரர், அவரும் இல்லை. ஒரே இடத்துக்கு இரண்டு ஸ்பிரிங்பாக்ஸை வாங்கி வைத்தால் இரண்டு பேரும் ஒரே நாளில்தானே விமானம் ஏறுவார்கள்? மூன்றாம் ஆளை வைத்துக்கொண்டு அயர்லாந்திலும் வேல்ஸிலும் மழையில் ஆடித் தோற்றுவிட்டு வருகிறோம். இதுதான் நான் சொன்ன வியாதி.

பச்சைச் சட்டை வரிசையில் பத்தாம் நம்பருக்கு ஹாண்ட்ரே பொல்லார்ட், மானி லிபொக், சாஷா ஃபைன்பெர்க்-ம்ங்கொமெஸூலு என்று மசுகுவுக்கு முன்னால் பலர் நிற்கிறார்கள். அது அவருக்கு வருத்தம், நமக்கு லாபம். செப்டம்பரில் டர்பனில் இருப்பார். அவரோடு, நாட்டு அணி கூப்பிடாத ஒரு ஒன்பதாம் நம்பரைச் சேர்த்து, ஜெயித்தாலும் தோற்றாலும் டிசம்பர் வரை அந்த ஜோடியைக் கலைக்காமல் விட வேண்டும். ஜேடன் திரும்பியதும் பெஞ்சிலிருந்து வரட்டும். என்ன குறைந்துவிடும்?

அண்ணனிடம் போய்ப் பேசு. இரண்டு பேருமே பாதி சரி.

உண்மையைச் சொல்ல பயமா டீச்சர்? நிறம் பார்த்து எடுப்பதால்தான் அணி தோற்கிறது.
- க.வி., பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பயமில்லை. இது பொய். யாரை நிறத்துக்காக எடுத்தார்கள், பெயர் சொல்லுங்கள். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவுக்காக முதல் ட்ரை போட்ட மப்பிம்பியையா? ஸ்க்ரமில் எதிராளியைப் பின்னுக்கு நடக்க வைக்கும் ந்சேயையா? இரண்டு உலகக் கோப்பையைக் கையில் வாங்கிய கேப்டன் கொலீசியையா? அணி தோற்ற நாட்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இவர்கள் ஆடாத நாட்கள்தான்.

நம் தாத்தாக்களை நிறம் பார்த்து ஆட விடாமல் நிறுத்திய மைதானம் கிங்ஸ் பார்க். இந்த வாதத்தை நம் வீட்டுப் பிள்ளையின் கையெழுத்தில் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. வேறு எதுவும் சொல்லவில்லை.

என் தாத்தா இன்னும் ஆல் பிளாக்ஸுக்குத்தான் கை தட்டுகிறார். ஸ்பிரிங்பாக்ஸ் ஜெயித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். ஏன் டீச்சர்?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, சாட்ஸ்வொர்த்

கண்ணே, தாத்தாவையே கேள், ஆனால் சமயம் பார்த்துக் கேள். அவர் வாலிபத்தில் ஸ்பிரிங்பாக்ஸ் சட்டையை வெள்ளைக்காரர் மட்டும்தான் போடலாம். மைதானத்தில் நம்மவர்களுக்கென்று ஒரு மூலை. அந்த மூலையில் நின்று வெளிநாட்டு அணிக்குத்தான் கை தட்டுவார்கள், நாட்டு அணிக்கு இல்லை. 1970இல் நியூசிலாந்து அணியில் பிரயன் வில்லியம்ஸ் என்ற சமோவா வம்சத்துப் பையன் வந்தான். நம்மைப் போல நிறம் உள்ள ஒருவன் வெள்ளைக்காரர்களைச் சுற்றிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் மறப்பார்களா? 1981இல் ஸ்பிரிங்பாக்ஸ் நியூசிலாந்துக்குப் போனபோது அந்த நாட்டு மக்களே நமக்காகத் தெருவில் இறங்கினார்கள். ஹாமில்டனில் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டத்தையே நிறுத்தினார்கள். 'சாக்கோஸ்' என்ற நிறபேதமற்ற விளையாட்டு அமைப்பு இங்கே 1973இலிருந்து சொல்லிவந்தது ஒன்றுதான்: சமுதாயம் சரியில்லாதபோது விளையாட்டு மட்டும் சரியாக நடக்க முடியாது. உன் தாத்தா மாதிரி பலர் அந்த வாக்குக்குக் கட்டுப்பட்டு நல்ல வாய்ப்புகளை விட்டார்கள்.

1995இல் ஸ்பிரிங்பாக்ஸ் உலகக் கோப்பை வென்றபோது பலர் மனம் மாறினார்கள். மாறாதவர்களும் உண்டு. அவர் உள்ளே போனால் போகட்டும், டீ மட்டும் கொண்டுபோய்க் கொடு.

1995 அரையிறுதி கிங்ஸ் பார்க்கில் வெள்ளத்தில் நடந்ததாமே, உண்மையா?
- அதே வீட்டுத் தம்பி

உண்மை. ஜூன் 17. பிரான்ஸோடு. மழை கொட்டி ஆட்டம் தொடங்கவே தாமதம். பெண்கள் துடைப்பத்தோடு இறங்கித் தண்ணீரைத் தள்ளினார்கள். 19-15. அந்தப் பெண்கள் தள்ளியிராவிட்டால் மண்டேலா ஆறாம் நம்பர் சட்டை போட்டு நின்ற இறுதி ஆட்டமே நமக்கு வந்திருக்காது. ஆட்டம் நடக்காமல் போயிருந்தால், போட்டியில் ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்ட கணக்கைப் பார்த்து பிரான்ஸை இறுதிக்கு அனுப்பியிருப்பார்கள்.

பெஞ்சில் ஆறு பேர் முன்வரிசைக்காரர், இரண்டே பேர் பின்வரிசை என்கிறார்களே. ராஸி செய்தால் புத்திசாலித்தனம், ஷார்க்ஸ் செய்தால் முட்டாள்தனமா?
- ஜெ.மோ., லெனேசியா

பெஞ்சில் எட்டு இடம். நாட்டு அணியின் ராஸி எராஸ்மஸ் கூட்டம் 2023 உலகக் கோப்பை இறுதியில் ஏழுக்கு ஒன்று என்றே வைத்து நியூசிலாந்தை 12-11 வென்றது. அவர்களிடம் ஒருவனே மூன்று இடம் ஆடுவான், அதனால் பின்வரிசையில் அடிபட்டாலும் சமாளிப்பார்கள். அப்படி ஒருவன் உன்னிடம் இருக்கும் நாளில் செய். இல்லாத நாளில் ஐந்துக்கு மூன்றே நல்லது. டர்பன் ஜனவரி வெயிலையும் புழுக்கத்தையும் நினைத்தால் புதிய ப்ராப் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஷார்க்ஸ் தோல்விகளில் உங்களுக்கு ஆறாதது எது?
- ந.சு., ஸ்டாங்கர்

2007, மே 19, கிங்ஸ் பார்க், சூப்பர் 14 இறுதி, எதிரே புல்ஸ். ஆல்பர்ட் வான் டென் பெர்க் ட்ரை போட்டதும் 19-13. இரண்டு நிமிஷம் மிச்சம். கன்வெர்ஷன் போயிருந்தால் 21-13, எட்டுப் புள்ளி வித்தியாசம். ஒரு ட்ரையும் கன்வெர்ஷனும் சேர்ந்தாலே ஏழுதான். ஃப்ரான்ஸ்வா ஸ்டெயின் உதைத்தது வெளியே போனது. பையனுக்கு அந்த வாரம்தான் 20 வயது ஆகியிருந்தது, அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நேரம் முடிந்த பிறகு ப்ரயன் ஹபானா உள்ளே வெட்டிக்கொண்டு ஓடி ட்ரை, டெரிக் ஹவ்கார்ட் கன்வெர்ஷன். 20-19.

அந்த ஆட்டத்தில் நமக்காக முதலில் ட்ரை போட்ட விங் யார் தெரியுமா? இன்று பயிற்சியாளராக நிற்கும் ஜே.பி. பீட்டர்சன்தான். எங்கள் வீட்டில் 2007ஐப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒப்பந்தம். காரணம் மேலே சொன்ன பிரிட்டோரியாக்காரர்.

பீட்டர்சன் மட்டும் என்ன செய்துவிடுவார்?
- மறுபடியும் மு.கோ., சாட்ஸ்வொர்த்

ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி என்பது விதி. போகட்டும். 2024இல் இளம் பையன்கள் பலரை வைத்து அந்தக் கரி கோப்பையை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் அவர்தான். பையன்களின் பலமும் பலவீனமும் அவருக்குத் தெரியும். அவர்களையே செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஆட விட்டால் நல்லது நடக்கும். பச்சைச் சட்டைகள் திரும்பியதும் பழையபடி பையன்களை ஓரங்கட்டினால், அடுத்த வருஷம் அவர் பெயரும் மேலே எழுதிய பட்டியலில் சேரும்.

புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் விரதம். சீசனும் அப்போதுதான் தொடங்குகிறது. மகன் கூட்டாளிகளோடு வீட்டில் ப்ராய் போட்டு நெருப்பில் கறி சுட வேண்டும் என்கிறான். என்ன செய்ய?
- ஒரு தாய், மவுண்ட் எட்ஜ்கோம்

நெருப்புக்கு விரதம் இல்லையம்மா. மீலி (சோளக்கதிர்), காளான், உருளைக்கிழங்கு, பன்னீர் எல்லாம் கம்பியில் சுடலாம். தக்காளி, சீஸ், வெங்காயம் வைத்து ரொட்டியை நெருப்பில் வாட்டிக் கொடுத்தால் வெள்ளைக்காரப் பையன்களும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். தனியாகப் புதுக் கம்பிவலை வாங்கி வையுங்கள், பழையதில் போன மாதக் கறி வாசனை இருக்கும். பூஜையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஆட்டம் அநேகமாகப் பிற்பகலிலோ சாயங்காலத்திலோதான்.

பேரனை முதல் தடவையாகக் கிங்ஸ் பார்க் அழைத்துப் போகிறேன். எனக்கு கால்பந்து தவிர எதுவும் தெரியாது. எதைப் பார்க்க வேண்டும்?
- ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ஃபீனிக்ஸ்

அண்ணா, பந்தை மட்டும் பார்க்காதீர்கள், அது எங்கே என்று முதல் அரை மணி தெரியவே தெரியாது. ஒன்பதாம் நம்பரைப் பாருங்கள். குவியலுக்குப் பின்னால் குனிந்து நிற்பான். அவன் பந்தை எடுத்து எறிவதற்கும் பத்தாம் நம்பர் அதைப் பிடிப்பதற்கும் நடுவே பத்தாம் நம்பர் கால் நிற்கிறதா, முன்னால் போகிறதா என்று கவனியுங்கள். நின்றபடி பிடித்தால் இரண்டு பேருக்கும் பழக்கம் போதவில்லை. ஓடியபடி பிடித்தால் அன்றைக்கு நம் ஆட்டம். பேரனுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் பாதியில் அவனே உங்களுக்குச் சொல்வான்.

வண்டியைச் சீக்கிரமே கொண்டுபோய் நிறுத்துங்கள், வெளி மைதானங்களில் ப்ராய் புகைக்கு நடுவே இடம் தேடுவது கஷ்டம். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், குடை விரித்தால் பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார்.